புதன்கிழமை வேலி ரோடு

ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, இந்த வருஷம் ஓய்வு பெற்றவர்கள் வரிசையில், என் வீட்டுக்காரரைப் பற்றி நாலு வரி எழுதிக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். முப்பத்தைந்து வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டியவர், அதிர்ந்து பேசாதவர், லீவு கேட்டு வந்து நிற்காதவர். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மனுஷரை நான் ஒரு வருஷம் முழுக்கத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன் என்பதை மலரில் போட முடியுமா? அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவர் கண்ணில் இது படாது. டிரிப் ஷீட்டைத் தவிர வேறு எதையும் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

டிரிப் ஷீட் எழுதுவது நான். எங்கள் மருந்து கம்பெனிக்கு ஏழு வேன்கள், வெள்ளை உடம்பில் பச்சைப் பட்டை போட்டவை. கிடங்கை ஒட்டி ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு கம்பி ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் நான். காலை எட்டு மணிக்கு ஓட்டுநர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். யாருக்கு எந்த வண்டி, எத்தனை பெட்டி, எந்த ரோடு என்று எழுதி முத்திரை குத்திக் கொடுப்பேன். ஷீட்டில் எழுதிய ரோட்டை விட்டு வேறு ரோட்டில் போனால் வேலை போச்சு. ஏழு ஆண்பிள்ளைகளுக்கு வழி சொல்கிற அதிகாரம் என் பேனாவில் இருந்தது. வீட்டில் இருந்த ஒருத்தருக்கு வழி சொல்ல முடியவில்லை என்பது வேறு விஷயம்.

வடக்கே இருக்கிற ஊர்களுக்குப் போக இரண்டு ரோடு. உள் ரோடு அகலமானது, கொஞ்சம் சுற்று, வழியெல்லாம் டீக்கடை. வேலி ரோடு எல்லையை ஒட்டியே போகிறது. இருபத்தைந்து கிலோமீட்டர் மிச்சம் என்று பேர்தான், மூன்று சோதனைச் சாவடி, நாற்பத்தொரு வளைவு, வாய் நனைக்க ஒரு கடை கிடையாது. இரண்டு நாட்டுக்கும் முகம் கோணினால் அன்றைக்கு ரோட்டையே மூடிவிடுவார்கள். எவருக்கு அந்த ரோட்டை எழுதினாலும் "ஏன் மேடம், நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒருத்தர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். அதுவும் புதன்கிழமை மட்டும். அவர்தான் என் வீட்டுக்காரர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதில் இதே கிடங்கில் பெட்டி தூக்க வந்தவர். ராத்திரி கிடங்கிலேயே படுத்து, காலையில் குழாயடியில் குளித்து, ஆறு மாதத்தில் ஓட்டுநர் உரிமம் எடுத்துவிட்டார். பேச்சே கிடையாது. ஊர் எது, உறவு யார் என்று கேட்டால் "யாரும் இல்லைங்க" என்று ஒரே பதில். என் ஜன்னலில் ஷீட்டை வாங்கும்போது மட்டும் "தாங்க்ஸ்ங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையை இரண்டு வருஷம் கேட்டுவிட்டு, நானாகத்தான் கேட்டேன், "கல்யாணம் பண்ணிக்கிற எண்ணம் இருக்கா?" என்று. மனுஷர் ஷீட்டைக் கீழே போட்டுவிட்டார். மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, பிடுங்கல் இல்லாத மாப்பிள்ளை என்று என் அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஒரு மகள் பிறந்தாள், படித்தாள், வேலை கிடைத்து வெளியூர் போனாள். அவள் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வீடு காலியானால் கண் சும்மா இருக்குமா? அதுவரை கவனிக்காத எல்லாவற்றையும் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பட்டது சவரம். வாரம் முழுக்க முள்ளு முகத்தோடு போகிறவர், புதன்கிழமை காலை மட்டும் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்று மழுமழுவென்று வருவார். அடுத்தது சட்டை. நீலச் சட்டை ஒன்று வைத்திருந்தார், அது புதன்கிழமைக்கென்றே நேர்ந்துவிட்டதுபோல. "கல்யாண வீட்டுக்கா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "மத்தது அழுக்கா இருக்கு" என்பார். துவைத்து மடித்து வைத்தவள் நான். என்னிடமே அழுக்கு என்றால்?

பிறகு வண்டி. கிடங்கு வாசலில் எல்லாரும் முன் கண்ணாடியைத் துடைப்பார்கள். இவர் இடது பக்க ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேய்ப்பார். முன் சீட்டில் ஒரு பெட்டி வைக்க விடமாட்டார், புதன்கிழமை என்றால் ஒரு ஆளையும் ஏற்றமாட்டார். ஒருநாள் மானேஜரே "வழியில என்னை இறக்கி விட்டுடுப்பா" என்று ஏறப் போனார். "சீட்டு ஸ்பிரிங் போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டார். நான் மத்தியானம் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் உள்ளே ஏதோ போய்விட்டது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் டேஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தேன். திறக்கக் கூடாதுதான், திறந்தேன். ஒரு மஞ்சள் துணி மடித்து வைத்திருந்தது. அதன் கீழே ஒரு பாக்கெட் நோட்டு. வரிசையாகத் தேதிகள், எல்லாம் புதன்கிழமை. பக்கத்தில் நேரம். அதற்குப் பக்கத்தில் 'வந்தது' அல்லது 'வரவில்லை'. ஐந்து வருஷக் கணக்கு. பெரும்பாலும் 'வந்தது'தான். என்ன வந்தது, எங்கிருந்து வந்தது, யாருக்கு வந்தது, ஒன்றும் இல்லை. எல்லை ரோட்டில் மருந்து வண்டி ஓட்டுகிற ஆளிடம் இப்படி ஒரு நோட்டு இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அப்பாவையா? கடையில மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படற ஆளு. கடத்தலுக்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேணும்மா" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, வாயை மூடு" என்று போனை வைத்துவிட்டேன்.

எனக்கு மட்டும் இருந்த சந்தேகமாக இருந்திருந்தால் நானே மென்று விழுங்கியிருப்பேன். ஒருநாள் எல்லைக் காவல் அலுவலகத்திலிருந்து ஒரு ஆபீஸர் வந்தார். மிகவும் மரியாதையானவர், அதுதான் பயமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தோம், குடித்தார். ஒரு வருஷத்து ஷீட்டுகளைக் கேட்டார். என் ஜன்னலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார்.

"புதன்கிழமைன்னா வேலி ரோட்டுல ஒரே வண்டி போகுதேம்மா. ஒரே ஓட்டுநர். என்ன விசேஷம்?"

"வேற யாரும் அந்த ரோட்டுக்குப் போக மாட்டேங்கிறாங்க சார். இவர் ஒருத்தர்தான் மறுப்பு சொல்லாம போறவர்."

"ஓ. ரொம்ப நல்ல மனுஷர்போல." ஷீட்டை மூடினார். "உங்க வீட்டுக்காரர்தானே?"

தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பயப்படாதீங்க. மூணாவது சாவடிக்கு அப்புறம் வர்ற அந்த நாலு கிலோமீட்டர்ல இவர் வண்டி மட்டும் ஏன் மெதுவாகுதுன்னு ஒரு கேள்வி, அவ்வளவுதான். நீங்களே கொஞ்சம் கவனிச்சுச் சொல்லுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன்."

அந்த ரோட்டில் போக ஒவ்வொரு ஓட்டுநரும் வருஷத்துக்கொருமுறை படிவம் நிரப்பிப் பாஸ் வாங்க வேண்டும். ஷீட் எழுதுகிறவள் என்பதால் சாட்சிக் கையெழுத்து போடுவதும் நான்தான். பாஸ் பறிபோனால் வேலை போகும். தப்பான காரியம் என்று நிரூபணமானால் ஜெயில்தான். அன்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி மாட்டும்போதே பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, எதுக்கு எப்பவும் அந்த ரோட்டையே கேட்கறீங்க?"

"வளைவு கம்மி" என்றார்.

நாற்பத்தொரு வளைவு! மனுஷருக்குப் பொய் சொல்லக்கூட வரவில்லை. முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார். இருபத்துநாலு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் பொய். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த புதன்கிழமை அவருக்கு வழக்கம்போல வேலி ரோடு எழுதிக் கொடுத்தேன். அவர் வண்டி வாசலைத் தாண்டியதும் மானேஜரிடம் தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு, ரேடியோவின் வண்டியில் ஏறினேன். ரேடியோ என்பது எங்கள் இன்னொரு ஓட்டுநர். அணைக்கவே முடியாத வாய் என்பதால் அந்தப் பேர். நானே அன்றைக்கு அவனுக்கும் வேலி ரோடு எழுதியிருந்தேன். கிளம்பும்போது வாய் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது சாவடி தாண்டியதும் அடங்கிவிட்டது.

அங்கேதான் அந்த நாலு கிலோமீட்டர். மலை முடிந்து, ரோடு கோடு போட்டதுபோல நேராகப் போகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் ரோடு, அந்தப் பக்கம் அவர்கள் ரோடு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, நடுவில் கூப்பிடு தூரம்கூட இல்லை. அரை கிலோமீட்டருக்கு ஒரு கேமரா கம்பம். கம்பத்துக்குக் கம்பம் பலகை: நிற்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது.

எங்களுக்கு இருநூறு அடி முன்னால் என் வீட்டுக்காரரின் வேன். இடது ஜன்னலில் அந்த மஞ்சள் துணி தொங்கியது. வேகம் நாற்பது, முப்பது என்று இறங்கியது. அப்போது அந்தப் பக்கத்து ரோட்டில், பின்னாலிருந்து ஒரு சிவப்பு வேன் வந்து எங்களைத் தாண்டிப் போனது. ஆஸ்பத்திரி சலவைக்குப் போகிற வண்டி என்று உடம்பில் எழுதியிருந்தது. அதன் ஜன்னலிலும் ஒரு மஞ்சள் துணி. அது போய் என் வீட்டுக்காரரின் வேனுக்கு நேராகச் சேர்ந்துகொண்டது. பிறகு இரண்டும் ஜோடியாக, ஒரே வேகத்தில், நாலு கிலோமீட்டர் முழுக்கப் போயின. கை அசையவில்லை, ஹாரன் இல்லை. அவர் தொப்பியைக் கழற்றியது மட்டும் பின் கண்ணாடி வழியே தெரிந்தது.

சிவப்பு வேனை ஓட்டியது ஒரு பெண்பிள்ளை.

வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். எங்களைத் தாண்டும்போது முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு சிரிப்போடு யாரும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஏற்றிக்கொண்டு போவதை நான் பார்த்ததில்லை.

"அண்ணி, நான் ஒண்ணும் பார்க்கலே" என்றான் ரேடியோ.

"நானும்தான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

கடத்தலாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று அன்றைக்குத் தோன்றியது. ஏன் மழித்த முகம், ஏன் நீலச் சட்டை, ஏன் முன் சீட்டு காலி, எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் விடை கிடைத்துவிட்டது. நோட்டில் 'வந்தது' என்று எழுதியிருந்ததை 'வந்தாள்' என்று படித்துக்கொண்டேன். ஐந்து வருஷம்! நான் சோறு கட்டிக் கொடுத்து, சட்டை தேய்த்துக் கொடுத்து, என் கையாலேயே ரோடும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்த வாரம் முழுக்க அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன், தூங்குவதைப் பார்த்தேன். நிம்மதியாகக் குறட்டை விட்டார். தலையணையை உருவிவிடலாமா என்றிருந்தது.

மறு புதன்கிழமை வந்தது. ஆபீஸர் திரும்பி வர இன்னும் ரெண்டு நாள்தான் இருந்தது. வீட்டுக்காரருடைய பாஸைக் காப்பாற்றத்தான் ரோட்டை மாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. பொறாமையில் மாற்றினேன். அந்தச் சிரிப்பு ஒரு வாரமாவது அணையட்டும் என்று மாற்றினேன். அவர் ஷீட்டில் 'உள் ரோடு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.

ஜன்னலில் வாங்கிப் படித்தார். நீலச் சட்டைதான்.

"இன்னைக்கு வேலி ரோடு இல்லையா?"

"இல்லை."

"பெட்டி கொஞ்சம்தானே. வேலி ரோடே போட்டுக் கொடு."

"காரணம் சொல்லுங்க, போட்டுத் தர்றேன்."

பின்னால் நாலு ஓட்டுநர்கள் நின்றார்கள். அவர் குனிந்து, கம்பியில் முகம் படும்படி வந்து, மெல்லச் சொன்னார்: "இன்னைக்கு நான் போகலேன்னா தப்பாயிடும்."

"யாருக்குத் தப்பாயிடும்?"

என் கையைப் பார்த்தார். கையெழுத்துப் போடுகிற வலது கையை. அப்போது அது எனக்குப் புரியவில்லை.

"சரி, குடு" என்று ஷீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய வெற்றி அடைந்தவள்போல நான் அடுத்த ஷீட்டை எடுத்தேன். ரேடியோவுக்கு வேலி ரோடு எழுதினேன். "அந்தச் சிவப்பு வண்டி மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லு" என்று சொல்லியும் அனுப்பினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ரேடியோ திரும்பி வந்தான். வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே என் அறைக்குள் வந்தான். அந்த அறைக்குள் ஓட்டுநர்கள் வருவதில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணி, அந்தம்மா வண்டி ஊர்ந்துகிட்டே வந்துச்சு. திரும்பித் திரும்பி நம்ம ரோட்டையே பார்த்துச்சு. நம்ம கம்பெனி வண்டின்னு என் வண்டி பக்கத்துல வந்துச்சு. என் மூஞ்சியப் பார்த்ததும் அப்படியே நிறுத்திடுச்சு."

"நிறுத்திட்டாளா? அங்கயா?"

"நடு ரோட்டுல. இறங்கி ஓடி வந்து வேலியைப் புடிச்சிக்கிச்சு. கத்துச்சு அண்ணி." கையால் வேலியைப் பிடிக்கிற மாதிரி காட்டினான். "'அண்ணனுக்கு என்ன ஆச்சு? எங்க அண்ணன் எங்கே?'ன்னு கத்துச்சு."

அண்ணன். அந்த ஒரு வார்த்தையில் என் காதுக்குள் என்னவோ இரைந்தது.

"நீ என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்றது? நிக்கக் கூடாதுல்ல. கேமரா இருக்குல்ல. நான் திரும்பவே இல்லை அண்ணி, நேரா பார்த்துகிட்டு ஓட்டிட்டேன். கண்ணாடில பார்த்தேன். ரெண்டு ஜீப்பு வந்துச்சு. வேலியிலருந்து கையைப் பிரிச்சு இழுத்துட்டுப் போனாங்க. அப்பவும் நம்ம வண்டியப் பார்த்துக் கேட்டுகிட்டேதான் போச்சு."

ரேடியோ போய்விட்டான். மீதி நேரம் நான் என்ன எழுதினேன், யாருக்கு முத்திரை குத்தினேன் என்று நினைவில்லை. ஆறு மணிக்கு உள் ரோட்டிலிருந்து அவர் வண்டி வந்தது. சாவியைக் கொடுக்க ஜன்னலுக்கு வந்தார். மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து, கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைத் திருட்டுத்தனமாகப் படித்தது, பின்னாலேயே வேவு பார்க்கப் போனது, பொம்பளை விவகாரம் என்று நினைத்தது, வேண்டுமென்றே ரோட்டை மாற்றியது, ரேடியோ பார்த்தது. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, என்னை அடித்தால்கூடத் தேவலை என்று நின்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த ஆபீஸர் உட்கார்ந்த ஸ்டூல்.

"தங்கச்சி" என்றார். "என்னைவிட நாலு வயசு சின்னவ. எல்லைக் கேட் திறந்திருந்த காலத்துல அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். அவ போன மறு வருஷம் கேட்டை மூடிட்டாங்க. அப்பா அம்மா போனதுகூட அவளுக்கு எப்பத் தெரிஞ்சுதோ."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் என்ன பேயா, பிசாசா?"

"படிவத்துல ஒரு கேள்வி இருக்கில்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் உறவு உண்டான்னு. வருஷா வருஷம் 'இல்லை'ன்னு எழுதறேன். கீழே நீ கையெழுத்துப் போடறே. தெரியாம போட்டா உன் மேல குத்தமில்லை. தெரிஞ்சு போட்டா உனக்கும் ஜெயில்." என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உன்னை எதுக்கு இழுக்கணும்னுதான் யாருமே இல்லைன்னு சொல்லிட்டேன்."

காலையில் அந்தக் கையை ஏன் பார்த்தார் என்று அப்போது புரிந்தது. நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தற்செயலாக ஒரு புதன்கிழமை அந்த நாலு கிலோமீட்டரில் சிவப்பு வேனைப் பார்த்தாராம். ஓட்டுகிற முகம் தங்கை முகம். அவளும் பார்த்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை அதே நேரத்துக்குப் போனார், அவளும் வந்தாள். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு வார்த்தை பேசியதில்லை. மஞ்சள் துணியை அவள்தான் முதலில் கட்டினாள். ஒரு வாரம் துணி இல்லாமல் வந்தாள், அதற்கடுத்த வாரம் வரவில்லை. இவருக்குப் புரிந்துவிட்டது. துணி தொங்கினால் அடுத்த வாரமும் வருவேன், தொங்காவிட்டால் தேடாதே. அன்றிலிருந்து இவரும் அப்படியே. போன வாரம் இவர் ஜன்னலில் துணி தொங்கியதை நானே பார்த்தேன். துணி தொங்கியும் ஆள் வரவில்லை என்றால் அவள் என்னதான் நினைப்பாள்?

"உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டாங்க" என்றேன்.

"ஆமா" என்றார். என் மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"அவ கேட்டாளே, ரேடியோ ஏதாவது சொன்னானா?"

"எப்படிச் சொல்லுவான்? நிக்கக் கூடாதே."

"வாயால வேண்டாம். ஒரு தலையாட்டல்? நான் நல்லா இருக்கேன்னு ஒரு தலையாட்டலாவது காட்டினானா?"

முகத்தைத் தூக்கி என்னையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

"ஆட்டினானாம்" என்றேன். "நல்லா தெரியற மாதிரி, சிரிச்சுகிட்டே ஆட்டினானாம். அவங்க பார்த்தாங்களாம்."

"பார்த்தாளா?"

"பார்த்தாங்கதான். அதுக்கப்புறம்தான் ஜீப்பு வந்துச்சாம்."

அவர் மூச்சு விட்டார். "அப்ப சரி" என்றார். எழுந்து, குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்து, "நீ மத்தியானம் சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அந்த ஆபீஸர் சொன்னபடியே வெள்ளிக்கிழமை வந்தார். வண்டியில் கியர் கோளாறு, நேர் ரோட்டில் சூடாகிறது, அதனால் மெதுவாகப் போனார் என்று மெக்கானிக் சீட்டோடு காட்டினேன். நம்பினாரோ இல்லையோ, போய்விட்டார். அந்த வருஷப் படிவத்திலும் என் வீட்டுக்காரர் 'இல்லை' என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன், தெரிந்தே போட்டேன். அவர் ஓய்வு பெறும் வரை ஒரு புதன்கிழமை விடாமல் வேலி ரோடு எழுதிக் கொடுத்தேன். சிவப்பு வேன் வருகிறதாம், வேறொரு ஆள் ஓட்டுகிறாராம். தங்கை என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. கேட்க வழியும் இல்லை.

போன மாதம் கடைசி நாள், கிடங்கில் மாலை போட்டார்கள், மானேஜர் பேசினார். எல்லாம் முடிந்ததும் இவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கட்டியது. ரேடியோவைப் பக்கத்தில் கூப்பிட்டு அவன் கையில் கட்டிவிட்டார்.

"ஐயோ, எனக்கு எதுக்குண்ணே?" என்றான் ரேடியோ.

"உனக்கே தெரியும்" என்றார் இவர். "அன்னைக்கு நீ செஞ்சதை நான் மறக்க மாட்டேன்."

ரேடியோ ஒன்றும் விளங்காமல் அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தான். நான் மேஜை டிராயரைத் திறந்து, முத்திரையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.